ஒரு காரணம்

அந்தப் படிப்புக்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. பூமி தருவதைத் தீர்த்துவிடாமல் மனிதர் எப்படி வாழ்வது என்பதை நீரியல், பொருளாதாரம், மானுடவியல் மூன்றின் வழியாகவும், ஊர் ஊராகப் போய் நேரில் பார்த்தும் கற்பது என்று கல்லூரிக் கையேட்டில் போட்டிருந்தார்கள். அவ்வளவு நீளத்தை யார் சொல்வது? மாணவர்கள் அதைத் 'தாங்குமா கோர்ஸ்' என்றார்கள். பூமி தாங்குமா, ஊர் தாங்குமா, கடைசியில் நாமே தாங்குவோமா என்று பஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

ஆசிரியர்கள் மூன்று பேர். நிலத்தடி நீர் சொல்லிக்கொடுத்தவர் நீர் டீச்சர். பொருளாதாரம் எடுத்தவர் கணக்கு சார். மூன்றாமவர் எங்கே போனாலும் யாராவது ஒருவரைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம்?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கதை சார். ஒரே சன்னல் வழியாக ஒரே வயலைப் பார்த்து மூவரும் மூன்று விதமாகப் பேசுவார்கள். அந்தச் சண்டையைக் கேட்பதுதான் பாதிப் படிப்பு.

மாணவர்களில் ஒருத்தியான தங்கைக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அவளுடைய அண்ணன் துறைமுகத்து ஊர் ஒன்றில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தான். அப்பா அங்கே வேலைக்காரராக இருந்து செத்துப்போனவர். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே கம்பெனியில் கேன் தூக்கி, கம்ப்ரஸர் ஓட்டக் கற்று, பழைய முதலாளி ஓய்ந்தபோது அதையே எடுத்து நடத்தும் அளவுக்கு வந்தவன். தங்கையைப் படிக்க வைத்ததும் அவன்தான். "ஒரு வீட்டுக்கு ஒரு ஐஸ்காரன் போதும்" என்பான்.

அந்த வருடம் காட்டோரத்து ஊர் ஒன்றுக்கும், மலைமேல் உருளைக்கிழங்கு போடும் ஊர் ஒன்றுக்கும் போய்வந்தார்கள். மூன்றாவதாகப் போக வேண்டிய இடத்துக்கு மண் சரிந்து பாதை மூடிவிட்டது. வகுப்பில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கைதான் கையைத் தூக்கினாள்.

"எங்க ஊருக்குப் போலாமே சார். கிணறெல்லாம் கரிச்சுக்கிட்டே வருது. ஏன்னு யாருக்கும் தெரியல."

நீர் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்."

ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "எத்தனை பேர் வர்றாங்க? எல்லாருக்கும் நம்ம வீட்லயே சாப்பாடு. வெளியில சாப்பிட விட்டே, அவ்வளவுதான்."

சொன்னபடியே செய்தான். அம்மா கூடத்திலும் வாசலிலும் பாய் விரித்துப் பரிமாறினாள். ஒருவரையும் விடாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாத்திரத்தோடு பின்னாலேயே போனாள். தண்ணீர் மட்டும் கேன் தண்ணீர். அதை ஊற்றும்போது அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. "முன்னாடி இந்த ஊருக்கு வந்தவங்க எங்க தண்ணியக் குடிச்சிட்டுத்தான் போவாங்க" என்று கதை சாரிடம் சொன்னாள். "அப்புறம்?" என்றார் அவர்.

அண்ணன் மாணவர்களைக் கம்பெனிக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். தரைக்குக் கீழே பெரிய தொட்டி. மேலே மரப்பலகைகள். ஒரு பலகையைத் தூக்கினால் உள்ளே தகரக் கேன்கள் வரிசையாக முங்கி நின்றன.

"கேனுக்குள்ள இருக்கறது நல்ல தண்ணி. அதைச் சுத்தி தொட்டில இருக்கறது உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி அவ்வளவு சீக்கிரம் உறையாது. தான் உறையாம நின்னு, உள்ள இருக்கறத உறைய வச்சிரும். எங்க அம்மா மாதிரி. தான் சாப்பிடாது, நம்மளத் திங்க வச்சே தீர்த்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அங்கே நின்றவர்களில் அவ்வளவு சந்தோஷமாக வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு வேலை தொடங்கியது. நீர் டீச்சரின் ஆட்கள் தெருத்தெருவாகக் கிணற்றிலும் குழாயிலும் தண்ணீர் பிடித்துச் சோதித்தார்கள். கணக்கு சார் படகுகள், ஐஸ், மீன், சந்தை என்று எது எதை நம்பி நிற்கிறது என்று விசாரித்தார். கதை சார் தண்ணீரின் ருசிக்கு ஊரில் என்னென்ன சொல் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அலைந்தார். பெண்கள்தான் நிறைய சொன்னார்கள். சப்பென்று, சவர்ப்பாக, லேசாகக் கரிப்பு, நாக்கில் நிற்கிற கரிப்பு, பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர். எந்தக் கிணறு எப்போது ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போனது என்பதை வைத்து ஊரின் வரைபடத்தையே போட்டுவிட்டார். அதுவும் நீர் டீச்சரின் வரைபடமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அன்று மூன்று ஆசிரியர்களும் முதல்முறையாகச் சண்டை போடாமல் டீ குடித்தார்கள்.

வரைபடம் சொன்னது இதுதான். ஆற்றில் மேலே அணை மேல் அணையாகக் கட்டி, கடலுக்கு வந்து சேரும் நல்ல தண்ணீர் குறைந்துவிட்டது. எதிர்த்துத் தள்ள ஆளில்லாததால் கடல் நிலத்துக்கு அடியில் உள்ளே நகர்கிறது. வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுப்பது அதற்கு இன்னும் வழிவிடுகிறது. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் மட்டும் கரிப்பு மற்ற இடங்களைவிட வேகமாக ஏறுகிறது. அங்கே ஆழமாக இறங்கி ராப்பகலாக இழுப்பது ஒரே ஒரு குழாய்தான். ஐஸ் கம்பெனியின் போர்.

"கம்பெனி நின்னா கிணறு சரியாயிடுமா டீச்சர்?" என்று தங்கை கேட்டாள்.

"ஆகாது. கொஞ்ச வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கடல் வரத்தான் போகுது."

"கம்பெனி நின்னா படகு நிக்கும். படகு நின்னா ஊரே நிக்கும். அதையும் சேர்த்துச் சொல்லணும்" என்றார் கணக்கு சார்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் கண்டதை ஊராருக்குச் சொல்லிவிட்டுப் போவது அந்தப் படிப்பின் வழக்கம். பள்ளிக்கூடத்துக் கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அன்று காலை தங்கை கம்பெனிக்குப் போனாள். அண்ணன் கம்ப்ரஸருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இன்னிக்குப் பேசும்போது நம்ம போர் பத்தியும் வரும்."

"வரட்டுமே. இழுக்குதுன்னா இழுக்குதுதான்." கையைத் துணியில் துடைத்தான். "கடல் தண்ணியச் சுத்தம் பண்ணிக் குடுக்கற மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அது வந்துட்டா போரை மூடிரலாம். அதையும் சேர்த்துச் சொல்லு, என்ன?"

"சொல்றேண்ணா."

மதியம் கதை சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "போர் விஷயத்தை நீ சொல்லாதம்மா. நான் பாத்துக்கறேன்."

"இல்ல சார், நானே சொல்றேன். வெளியாள் சொன்னா இவங்களுக்குக் கோபம் வரும். நான் இந்த ஊர்ப் பொண்ணு. நான் சொன்னா கேட்டுக்குவாங்க."

கூடம் நிறைந்திருந்தது. நீர் டீச்சர் திரையில் வண்ணப் படங்களைக் காட்டினார். கணக்கு சார் பேசினார். கதை சார் பேசினார். ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், ஆனால் விசிறிக்கொள்வதும் இருமுவதும் அதிகமாகிக்கொண்டே போயிற்று. அண்ணன் மூன்றாவது வரிசையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா.

துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்கா எழுந்து நின்றாள். தண்ணீர் கரித்ததால் அவள் டீயை யாரும் குடிப்பதில்லை, கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகவும் இல்லை.

"அதெல்லாம் சரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எதனால உப்பாச்சு?"

நீர் டீச்சர் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவங்களுக்குப் புரியற மாதிரி."

தங்கை எழுந்தாள். "ஆத்துல தண்ணி வர்றது குறைஞ்சுபோச்சுக்கா. அதனால கடல் உள்ள வருது. அதுதான் பெருசு. நாம எல்லாரும் மோட்டார் போட்டு இழுக்கறோம். அது ஒரு காரணம். நம்ம தெருப் பக்கம் ஐஸ் கம்பெனி போர் ஆழமா இழுக்குது. அதுவும் ஒரு காரணம்."

மெஷினைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்!" என்றார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பிறகு நாற்பது பேர். கணக்கு சார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னது யார் காதிலும் விழவில்லை. அண்ணன் எழுந்திருக்கவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ் கிளம்பியது. தங்கையும் அதில் போனாள். இன்னும் ஓர் ஊர் பாக்கி இருந்தது.

அவள் சொன்னது ஊருக்குள் வாய் மாறிப் போயிற்று. 'ஒரு' உதிர்ந்து 'காரணம்' மட்டும் நின்றது. அப்புறம் யாரோ, எப்போதோ ஐஸ் ஏற்றப் போனவர், தொட்டியைப் பார்த்த கதையைச் சொன்னார். "உள்ள போய்ப் பாருங்க, குளம் மாதிரி உப்புத் தண்ணி. மூட்டை மூட்டையாக் கொட்டுவாங்க. தொட்டி கசிஞ்சா எங்க போகும்? நம்ம கிணத்துக்குத்தான்." இதற்குப் படம் வேண்டாம், திரை வேண்டாம். கேட்ட மாத்திரத்தில் புரிந்தது. ஆற்றையும் அணையையும் யாராலும் போய்ப் பிடிக்க முடியாது. ஐஸ் கம்பெனிக்குக் கதவு இருந்தது.

அம்மா போனில் அழுதபோது தங்கை நீர் டீச்சரிடம் ஓடினாள். அவர் உடனே ஊர் அலுவலகத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினார், தொட்டி உப்பு வேறு, கிணற்று உப்பு வேறு என்று. யாராவது படித்திருக்கக்கூடும். தங்கை அன்றே ஊருக்குக் கிளம்பினாள். சோதிக்கும் கருவியைக் கையோடு எடுத்துப்போய் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கம்பெனிக்கும் தூரம், தெருவுக்கும் தூரம் என்று ஒதுங்கிக் கிடந்த கிணற்றில் தண்ணீர் எடுத்து, அதுவும் கரிக்கிறது பாருங்கள் என்று காட்டினாள்.

"சோதிக்கற மெஷின் உங்களுதுதானேம்மா" என்றார் ஒரு படகுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. சிறு வயதில் அவளைத் தோளில் தூக்கிவைத்துப் படகு காட்டியவர்.

ஒரு காலையில் ஜல்லியும் சிமெண்டும் கலந்து எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அண்ணனிடம் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். தங்கை வாசலில் குறுக்கே நின்றாள். அவளைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் கம்ப்ரஸரை நிறுத்தினான். வேலைக்காரர்களை வெளியே அனுப்பினான். அமோனியாக் குழாயின் அடைப்பானை இறுக்கித் திருகிவிட்டு வந்து நின்றான்.

"போரைத்தானே மூடணும்? அந்தப் பக்கம் இருக்கு. இந்தக் குழாயில மட்டும் கை வைக்காதீங்க. விஷக் காத்து வெளிய வந்தா உங்களுக்குத்தான் ஆகாது."

அவன் சொன்னபடியே அந்தக் குழாயைத் தொடவில்லை. போருக்குள் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். முடித்தவர்கள் கையைக் கழுவத் தண்ணீர் தேடியபோது கம்பெனிக் குழாயில் வரவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் கணக்கு சார் சொன்னதுதான். வேறு போர் போட அலுவலகத்தில் அனுமதி கிடைக்கவில்லை. கம்பெனி ஓடாததால் கடல் தண்ணீர் மெஷின் வாங்கப் பணத்துக்கு வழியில்லை. ஐஸ் வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. வரும் வழியிலேயே பாதி ஒழுகிவிடும். மீன் கெட்டது. பெரிய படகுகள் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. சின்னப் படகுகள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டன. கிணறுகள் தெளியவில்லை. துறைமுகத் தெருக்களில் கரிப்பு ஏறுவது சற்றே மெதுவானது, நாக்குக்குத் தெரியாத அளவு.

டீக்கடை அக்கா கடையைக் கட்டினாள். தங்கையைத் தெருவில் பார்த்தபோது நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லதுக்குத்தான் சொன்னே கண்ணு." திட்டியிருந்தால் தங்கையால் தாங்கியிருக்க முடியும்.

அண்ணனுக்குப் பெருநகரத்தில் மீன் பதப்படுத்தும் இடத்தில் கம்ப்ரஸர் பார்க்கும் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். தங்கை அறை வாசலில் நின்றாள்.

"அண்ணா, நான் 'ஒரு காரணம்'னுதான் சொன்னேன்."

"தெரியும். நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"ஆறுதான் பெருசுன்னு முதல்லயே சொன்னேன்."

"சொன்னே. நீ சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்ல." ஒரு சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தான். "வேற யாரையாவது சொல்ல விட்டிருக்கலாம்."

அவள் அழுதாள்.

"அழாத. கோபம் இல்லன்னு சொன்னா அது பொய்யாயிடும். இருக்கு. போகும். எப்பன்னு தெரியல." பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்து பூட்டினான். "நீ படிப்ப முடி. பாதில விட்டுட்டு வந்து நிக்காத. அதையும் என்னால பாக்க முடியாது."

முடித்தாள். முதல் வகுப்பில் தேறினாள். மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து அந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆற்றையும் கடலையும் ருசிச் சொற்களையும் பிழைப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்த நல்ல கட்டுரை என்று பலர் பாராட்டினார்கள். அவள் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கதை சார் போனில் கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அண்ணன் அம்மாவைத் தன்னிடம் வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கிணற்றுத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அம்மாவின் தோல் முழுக்க அரிப்பும் வெடிப்புமாக ஆன பிறகு ஒருவழியாகச் சம்மதித்தாள். வீட்டை வாங்க ஆளில்லை. பூட்டிவிட்டுப் போவது என்று ஆயிற்று. தங்கை சாமான் கட்ட வந்திருந்தாள்.

வாசலில் அவள் கயிறு முடிந்துகொண்டிருந்தபோது தோளில் பை மாட்டிய ஒரு பெண் வந்து நின்றாள். நல்ல வெயில். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? காலேஜ்லருந்து வந்திருக்கோம். உப்பு ஏறினதுக்கு அப்புறம் இந்த ஊர் எப்படி மாறிச்சுன்னு பாக்கறோம்."

தங்கைக்கு அந்தப் பையைத் தெரியும். 'தாங்குமா கோர்ஸ்' கொடுக்கிற பை. ஆசிரியர்கள் எங்கே என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இவள் யாரென்று தெரியவில்லை என்பது மட்டும் புரிந்தது. போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவாக மூடிக்கொள்ளும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உக்காரு" என்றாள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எத்தனை வீடு காலியாயிற்று, எந்தத் தெருவில் இன்னும் ஆள் இருக்கிறது, படகுகள் எங்கே போயின. ஐஸ் கம்பெனியை ஏன் மூடினார்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது, "தண்ணி இல்லாம நின்னுபோச்சு" என்றாள். அதுவும் பொய் இல்லை.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன்க்கா. இதை வேற மாதிரி பண்ணியிருக்கலாம்னு உங்களுக்குத் தோணுதா?"

தங்கை யோசித்தாள். எத்தனையோ முறை யோசித்ததுதான். சொல்லாமல் விட்டிருந்தால் கம்பெனி ஓடியிருக்கும், கிணறுகள் இன்னும் சீக்கிரம் செத்திருக்கும், ஒருநாள் போரிலும் உப்பு வந்து எல்லாம் நின்றிருக்கும். அண்ணன் அப்போதும் போயிருப்பான். ஒருவேளை அவளோடு பேசிச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். எந்தப் பக்கம் போனாலும் முடிவில் இதே தெரு, இதே பூட்டிய வீடுகள்.

"தெரியலம்மா" என்றாள்.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அது பூட்டியிருந்தது. அதற்கடுத்ததும் பூட்டியிருந்தது. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அம்மா கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைத் தங்கையிடம் கொடுத்தாள். முன் இருக்கையில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"யார் அந்தப் பொண்ணு?"

"படிக்க வந்த பொண்ணும்மா."

"என்ன படிக்கவாம்?"

"நம்ம ஊரை."

வேன் நகர்ந்தது. அம்மா கைகளில் இருந்த வெடிப்புகளைத் தடவிக்கொண்டு வந்தாள். கடைசி வீடும் பின்னால் போன பிறகு கேட்டாள்.

"இன்னும் என்ன மிச்சம் இருக்காம்?"

வேன்காரர் ஏதாவது பாட்டுப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள்.